ஒரு பக்கத்துக்கு மிகாமல்

நீங்கள் ஏன் கால்நடை மருத்துவர் ஆக விரும்புகிறீர்கள், ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதவும். கேள்வி என்னவோ இங்கிலீஷில்தான் இருக்கிறது. எனக்குத்தான் ஒவ்வொரு தடவையும் அது தமிழில் கேட்கிறது, யாரோ எதிர் நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்துகொண்டு, சொல்லும்மா, ஏன், என்று கேட்கிற மாதிரி. சாப்பிட்ட கையோடு வந்து உட்கார்ந்தது. ரசத்தின் புளிப்பு இன்னும் தொண்டையில் நிற்கிறது. லேப்டாப்பின் அடிப்பக்கம் சூடாகித் தொடையைச் சுடுகிறது, நடுவில் தலையணையைச் சொருகி வைத்திருக்கிறேன். ஹாலில் அம்மாவின் தையல் மெஷின் ஓடுகிறது, நிற்கிறது, மறுபடி ஓடுகிறது. சிறு வயதிலிருந்தே எனக்கு விலங்குகள் என்றால் உயிர் என்று அடித்தேன். அழித்தேன். பச்சைப் பொய். சிறு வயதில் எனக்கு நாய் என்றாலே நடுக்கம். ட்யூஷன் விட்டு வரும்போது என்னைச் சுவர் ஓரமாக நடக்க விட்டு, நாய்கள் படுத்திருக்கிற பக்கமாக அண்ணன் நடப்பான். அவற்றோடு அவன் மரியாதையாகத்தான் பேசுவான். வணக்கம் சார், சாப்டாச்சா சார், கொஞ்சம் வழி விடுறீங்களா, தங்கச்சி பயப்படுது. அவை வாலைத் தரையில் இரண்டு தட்டு தட்டிவிட்டு, எழுந்திருக்காமல் படுத்திருக்கும். பார்த்தியா மணி, சார் ஓகே சொல்லிட்டார், வா. அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியபடி நடப்பேன். அவன் சட்டையில் ஏசி மெஷினின் தூசி வாசனை அடிக்கும். இல்லை, அது பிற்பாடு, அவன் ஏசி மெக்கானிக் வேலைக்குப் போன பிறகு. ட்யூஷன் காலத்தில் அவனும் பள்ளிக்கூடப் பையன்தான், சட்டையில் வேர்வை வாசனைதான் அடித்திருக்கும். பார், இப்படித்தான், இரண்டு வெவ்வேறு வயது அண்ணன்களை ஒரே சட்டைக்குள் போட்டுவிடுகிறேன். அறவாழி என்று அப்பா ஆசையாக வைத்த பெயர். எனக்கு ஒரு அண்ணன் இருக்கிறான் என்று அடித்து, இருந்தான் என்று திருத்தினேன். இங்கிலீஷில் ஒரு சின்னச் சொல்லை மாற்றினால் போதும், காரியம் முடிந்துவிடுகிறது. தமிழில் அதற்கு இறந்தகாலம் என்றே பெயர். பள்ளிக்கூடத்தில் இலக்கண வகுப்பில் எத்தனை முறை அதைச் சொல்லியிருப்பேன், ஒரு நாளும் காதில் விழுந்ததில்லை.

அண்ணனிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும் என்று சொன்னது ரெஜினா மேடம். வெளிநாட்டுப் படிப்புக்கு விண்ணப்பிக்கிறவர்களுக்கு வழிகாட்டுகிற கம்பெனியில், அண்ணா நகரில், கண்ணாடி அறையில் இருப்பவர். கெட்டவர் இல்லை. எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். நான் முதலில் எழுதிக்கொண்டு போனதை வாசித்துவிட்டு, நாய்கள் காப்பகத்தில் ஞாயிற்றுக்கிழமை வேலை செய்கிறாய், நல்லது, ஆனால் விண்ணப்பிக்கிற எல்லாப் பிள்ளைகளும் காப்பகத்தில் வேலை செய்தவர்கள்தான், உன் மதிப்பெண் சுமார், கல்லூரிக்காரர்கள் இந்த ஒரு பக்கத்தைப் படித்துவிட்டுத்தான் உன்னைக் கூப்பிடலாமா வேண்டாமா என்று முடிவு செய்வார்கள், உன்னிடம் உனக்கு மட்டுமே நடந்தது என்று ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். மதிப்பெண் ஏன் சுமார் என்பதைச் சொல்லப் போய்த்தான் அது வந்தது. ப்ளஸ் டூ பரீட்சைக்குக் கொஞ்ச நாள் முன்னால் அண்ணன் இறந்துபோனான் மேடம். அதனால்தான் இங்கே வெட்டினரி கிடைக்கவில்லை, விலங்கியல் சேர்ந்தேன். எப்படி இறந்தார் என்றார். ரேபிஸ் என்றேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். நிஜமாகவே அவர் கண் கலங்கியது, நான் பார்த்தேன். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மணிமொழி, இதுதான் உன் ஆரம்பம், முதல் வரியிலேயே ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும், படிக்கிறவர்கள் கீழே வைக்கக் கூடாது என்றார். இரண்டுமே அதே ஆள். கலங்கின கண்ணும் அந்த வாக்கியமும். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது முதல் வரியை யோசித்துக்கொண்டே வந்தேன், அதுதான் இத்தனை நாளாக உறுத்துகிறது. இன்றைக்குச் சாயங்காலத்தோடு கடைசி நாள் முடிகிறது. அப்பா டெப்போவிலிருந்து வருவதற்குள் அனுப்பிவிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். என்ன படிப்பு என்று அப்பாவுக்குத் தெரியும். அம்மாவுக்குத் தெரியாது. உயிரியல் ஆராய்ச்சி என்று சொல்லி வைத்திருக்கிறோம். இப்ப வேணாம்மா, சீட் கிடைக்கட்டும், நானே பக்குவமா சொல்லிக்கிறேன் என்றார் அப்பா. அவர் எதையும் அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லி நான் பார்த்ததில்லை. அண்ணன் போனதையே அவர் வாயைத் திறந்து சொல்லவில்லை. ஆஸ்பத்திரிப் படியில் இறங்கி வந்து அம்மாவின் எதிரில் நின்றார், அவ்வளவுதான்.

"மணி, இந்த ஊசியில நூலைக் கோத்துக் குடுடி" என்று அம்மா கூப்பிடுகிறாள். எழுந்து போகிறேன். மெஷின் மேல் பச்சை நிறப் பிளவுஸ் துணி, காஜா எடுக்கக் கை ஊசி. அம்மாவுக்கு இந்த மூன்று வருடத்தில்தான் கண் இப்படி ஆயிற்று. நூல் முனையை எச்சிலால் நனைத்துக் கோத்துக் கொடுத்தேன். எழுதி முடிச்சிட்டியா என்று கேட்டாள். இன்னும் இல்லம்மா. என்னதான் எழுதச் சொல்றாங்க? ஏன் படிக்க ஆசைப்படறேன்னு எழுதணும். அதை எழுதறதுக்கா மத்தியானத்திலேருந்து உக்காந்திருக்க என்றாள், குரலில் ஒன்றும் இல்லை, நூலை இழுத்து முடிச்சுப் போட்டாள். கீழே தெருவில் ஏதோ ஒரு நாய் குரைத்தது, இன்னொன்று சேர்ந்துகொண்டது. அம்மா எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினாள். எந்தப் பேச்சின் நடுவிலும், அடுப்பில் என்ன பொங்கினாலும், குரைப்பு கேட்டால் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்துவாள். வெயில் காலத்தில் வீடு வெந்து போகும். நாங்கள் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. அறைக்கு வந்து மறுபடி தலையணை, லேப்டாப். வாயில்லா ஜீவன்களுக்காக என் வாழ்க்கையை, என்று இங்கிலீஷில் எப்படிச் சொல்வது என்று பார்த்தேன். ஒரு சொல் இருக்கிறது. அடித்துவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வாயில்லாதது எதுவும் என்னைக் கேட்கவில்லை. வாய் இருந்தவனே சொல்லவில்லை. ஏன்டா சொல்லவில்லை. பல் பட்டது என்று ஒரு வார்த்தை.

மழை நாள் அது. வேலை விட்டு வந்தவன் ரெயின்கோட்டைக் கழற்றாமல் நேராக மொட்டை மாடிக்குப் போனான், எனக்கு மட்டும் கண்ணைக் காட்டிவிட்டு. கோட்டுக்குள்ளிருந்து ஒரு நாய்க்குட்டியை எடுத்தான். மண் நிறம், ஒரு காது மட்டும் கறுப்பு. மேம்பாலத்துக்கு அடியில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்ததாம், தாயைக் காணோமாம், தூக்கும்போது பயந்துபோய் ரகளை பண்ணியதாம். தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் சாக்கைப் போட்டுப் படுக்க வைத்தோம். அம்மாவுக்கு வீட்டுக்குள் நாய் ஆகாது என்பதால் இரண்டு நாள் கழித்து மெதுவாகச் சொல்லலாம் என்பது அவன் ஏற்பாடு. மேடம் என்று அதைக் கூப்பிட்டான். மேடம், பால் சாப்பிடுங்க. மேடம் சாப்பிடவில்லை. பால் கிண்ணத்தில் மூக்கை வைக்கும், உடனே தலையை உதறிக்கொள்ளும், எச்சில் நூலாகத் தொங்கும். குளிர் என்று நினைத்தோம். நான் என் பழைய துப்பட்டாவைச் சுற்றி மடியில் வைத்துக்கொண்டேன், அது என் மணிக்கட்டை நக்கியது, நாக்கு சூடாக இருந்தது. எனக்கு முதன்முதலாகப் பயமில்லாத நாய். மூன்றாம் நாள் விறைத்துக் கிடந்தது. அண்ணன் அழுதான், இருபத்தி நாலு வயது ஆள், மூக்கை உறிஞ்சி உறிஞ்சி. பின்னால் இருக்கிற காலி மனையில் குழி தோண்டிப் புதைத்தோம். தாய் இல்லாத குட்டி மணி, அது பிழைக்காது, நான்தான் ஆசைப்பட்டுட்டேன் என்றான். அவன் கட்டைவிரல் ஓரத்தில் அப்போது ஒரு கீறல் இருந்திருக்க வேண்டும். நான் பார்க்கவில்லை. எத்தனை தடவை அந்த மாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டேன், மண்வெட்டியைப் பிடித்த கையை, பால் கிண்ணத்தை நீட்டிய கையை, ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பி. கீறலே தெரியவில்லை. ஏசி வேலை செய்கிறவன் கையில் எந்த நாளில் கீறல் இல்லாமல் இருந்தது. உனக்குத் தெரியுமாடி என்று அம்மா ஆஸ்பத்திரி வராந்தாவில் என் தோளைப் பிடித்துக் கேட்டாள். பல் பட்டது உனக்குத் தெரியுமா? தெரியாதும்மா. நிஜமாகவே தெரியாது. அம்மா என் முகத்தையே பார்த்தாள். நம்பினாளா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அதற்கப்புறம் அவள் அதைக் கேட்கவே இல்லை. அதைப் பற்றி எதையுமே கேட்கவில்லை. வீட்டில் அவன் பெயரை யாரும் சொல்வதில்லை. ரேஷன் கார்டில் பெயர் எடுக்கப் போனபோது கவுன்ட்டரில் இருந்தவர் சத்தமாகப் படித்தார், அப்பா சட்டென்று திரும்பி வாசலைப் பார்த்தார், கூப்பிட்டால் வருகிறவன் வெளியே வண்டியை நிறுத்திக்கொண்டிருக்கிற மாதிரி.

ஃபேனை நிறுத்துங்கப்பா, என்று ஆரம்பித்தேன். அதுதான் முதல் வரி. ரெஜினா மேடத்துக்குப் பிடிக்கும். என் அண்ணன் ஏசி மெக்கானிக், ஊரெல்லாம் வீடு வீடாகக் குளிர்ந்த காற்றைக் கொண்டுபோய்ச் சேர்த்தவன், கடைசியில் ஒரு மின்விசிறியின் காற்றைத் தாங்க முடியாமல் சுவரோடு ஒண்டினான். விரல்கள் தாமாக ஓடின. மாடியில் குட்டியைப் புதைத்து இரண்டு மாதம் இருக்கும். கை சுரீர் சுரீர் என்கிறது என்றான், கரன்ட் அடித்த மாதிரி, கேஸ் சிலிண்டரைத் தூக்கியதில் நரம்பு பிடித்திருக்கும் என்று அம்மா தைலம் தேய்த்தாள். அப்புறம் காய்ச்சல். அப்புறம் காலையில் மாத்திரை போட டம்ளரை வாயருகே கொண்டுபோனவன் தூக்கி எறிந்தான், டம்ளர் உருண்டு மெஷின் அடியில் போயிற்று, அவன் கழுத்தைப் பிடித்துக்கொண்டு எங்களைப் பார்த்த பார்வை. என்னாச்சுன்னு தெரியலம்மா, தண்ணி உள்ள போக மாட்டேங்குது என்று சிரிக்கப் பார்த்தான். ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒரு டம்ளரைக் காட்டினார், முகத்துக்கு நேரே ஒரு அட்டையை விசிறினார், அவ்வளவுதான், அப்பாவைத் தனியாக வெளியே கூட்டிக்கொண்டு போனார். நாய் ஏதாவது கடித்ததா என்று கேட்டார். இல்லை என்றார் அப்பா. உள்ளே இருந்து அண்ணன்தான் சொன்னான், குட்டி சார், கடிக்கல, தூக்கும்போது பல்லு லேசா பட்டுச்சு. தடுப்பூசியை எங்களுக்குத்தான் போட்டார்கள், எனக்கும் அப்பாவுக்கும் அம்மாவுக்கும். எங்களுக்கு நேரம் இருந்தது. குட்டி நக்கிய மணிக்கட்டை நர்ஸிடம் காட்டினேன், அவர் என் தலையைத் தடவிவிட்டு ஊசியைப் போட்டார். என் தோளில் ஏறின அதே மருந்து, சில வாரம் முன்னால் அவன் தோளில் ஏறியிருந்தால். அந்த வாக்கியத்தை முடிக்க என்னால் முடிவதில்லை. தனி வார்டில் அப்பாவையும் என்னையும்தான் விட்டார்கள். அம்மா வாசலில் நின்று ஒரு தடவை பார்த்தாள், கட்டிலில் அவன் கைகளைத் துணியால் கட்டியிருந்தார்கள், அங்கேயே சரிந்தாள். அதன் பிறகு அவளைக் கீழே சித்தியோடு உட்கார வைத்துவிட்டோம். கொடுமை என்னவென்றால் நடுவில் நடுவில் அவன் அவனாகவே இருந்தான். ஃபேனைத்தான் நிறுத்தச் சொன்னான், மரியாதையாக. கத்திவிட்டு, சாரிப்பா என்றான். என்னைப் பார்த்து, மணி, நீ கிட்ட வராதே, ஆனா போகவும் போகாதே என்றான். அதைத் திட்டாதீங்க, அதுக்கு என்ன ஆச்சுன்னு அதுக்கே தெரிஞ்சிருக்காது, எனக்கு இப்பத் தெரியுது அது எப்படி இருந்திருக்கும்னு, என்றான். எல்லாவற்றையும் அடித்தேன். இங்கிலீஷில்.

நன்றாக வந்துவிட்டது. அதுதான் பயமாக இருக்கிறது. மேலிருந்து கீழே ஒரு தடவை வாசித்தேன், என் கையே எழுதியது மாதிரி இல்லை, அவ்வளவு சுத்தமாக இருக்கிறது. ஒரு இடத்தில் திகைத்தான் என்று போட்டிருந்ததை மிரண்டான் என்று மாற்றினேன், இது பொருத்தம் என்று தோன்றியது, தோன்றியபோது உள்ளே ஒரு சின்ன சந்தோஷம் வந்தது, பரீட்சையில் விடை தெரிந்துவிட்ட சந்தோஷம். வந்ததும் லேப்டாப்பைத் தள்ளி வைத்துவிட்டேன். அவன் எப்படி மிரண்டான் என்பதற்கு நான் வார்த்தை பொறுக்கிக்கொண்டிருக்கிறேன். எங்கோ ஒரு ஊரில், அண்ணனைத் தெரியாத இரண்டு பேர், கையில் காபியோடு இதைப் படிப்பார்கள். ஐயோ பாவம் என்பார்கள், நிஜமாகவே சொல்வார்கள், ரெஜினா மேடம் மாதிரி கண் கலங்கும், பிறகு ஓரத்தில் ஒரு டிக் போடுவார்கள். அந்த டிக்கில் எனக்கு ஒரு இடம். அவன் கட்டிலில் கிடந்ததற்கு அது கூலியா. அவனே இருந்தால் என்ன சொல்வான். போடு மணி, இதுக்காவது ஆகட்டும் என்றுதான் சொல்வான், தெரியும், அவன் எதையும் வீணாக்க மாட்டான், கழற்றிய ஏசியின் செம்புக் குழாயைக்கூட வளைத்துக் கொடிக்கம்பி பண்ணுவான். அதனால்தான் இன்னும் கஷ்டமாக இருக்கிறது. வேண்டாம் என்று சொல்கிறவனாக இருந்தால் அழித்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

சரி, ஏன். எதிர் நாற்காலி ஆள் இன்னும் போகவில்லை. ரேபிஸை ஒழிக்கவா? ஒழியட்டும், நானும் ஊசி போடுவேன், ஆனால் அதற்காகவா நான் அந்தக் காப்பகத்துக்கு முதல் ஞாயிற்றுக்கிழமை போனேன். இல்லை. லைப்ரரிக்குப் போகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, ஏன் போகிறேன் என்று தெரியாமல், திருநீர்மலை பஸ்ஸில் ஏறினேன். கதவைத் திறந்ததும் இருபது முப்பது நாய்கள் ஒரே நேரத்தில் குரைத்தன. எங்கள் வீட்டில் ஜன்னலைச் சாத்தி வெளியே நிறுத்தி வைத்த சத்தம் அத்தனையும் அங்கே இருந்தது. சுவர் ஓரமாக ஒதுங்கினேன். பின்கால் இரண்டும் வராத ஒரு கிழட்டு நாய் வயிற்றால் இழுத்துக்கொண்டு வந்து என் செருப்பின் மேல் தாடையை வைத்தது. வணக்கம் சார் என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். சாப்டாச்சா சார். மூன்று வருடத்தில் அவன் பேச்சு என் வாயில் வந்தது அங்கேதான், அதுவும் தானாக. அதன் பிறகு சுவர் தேவைப்படவில்லை. புண்ணில் புழு எடுக்கச் சொன்னார்கள், எடுத்தேன். குட்டி ஒன்று சாகும்போது துணியில் சுற்றிப் பிடித்துக்கொண்டிருக்கச் சொன்னார்கள், பிடித்துக்கொண்டிருந்தேன், போகவில்லை, போகாதே என்று யாரும் சொல்லாமலே. இங்கே வீட்டில் நான் அவன் தங்கச்சி என்பதையே மறைத்து வைத்திருக்க வேண்டியிருக்கிறது. அங்கே நாள் முழுக்க அவனைப் போலப் பேசலாம். இதை எப்படி எழுதுவது. இறந்தவனோடு பேசுவதற்காக இந்தத் தொழிலுக்கு வருகிறேன் என்றா. எந்த ஊர்க் கல்லூரியும் சேர்த்துக்கொள்ளாது. மெஷின் சத்தம் நின்று நேரமாயிற்று என்பது இப்போதுதான் உறைக்கிறது.

அம்மா டீ டம்ளரோடு வாசல்படியில் நிற்கிறாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் தெரியவில்லை. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன், திரையைச் சாய்த்தேன், தேவையில்லாமல்தான், அவள் இங்கிலீஷைக் கோர்வையாக வாசிக்க மாட்டாள். டம்ளரை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டுக் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். அந்தக் கட்டில் அண்ணனுடையது. அதில் அவள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"நாய் டாக்டர் படிப்புதானே?" என்றாள்.

அப்பா சொன்னாரா என்று கேட்டேன். அவர் எங்கே சொல்லப் போகிறார் என்றாள். "உன் சுடிதார் பூரா நாய் முடி. நான்தானே துவைக்கிறேன். ஞாயித்துக்கிழமை ராத்திரி ஊறப் போட்டா பக்கெட் மேல மிதக்கும். தண்ணியை வடிகட்டிட்டுக் கையால பொறுக்குவேன். எந்த லைப்ரரியில நாய் படிக்குது?" சிரிக்கவில்லை. சிரிக்க வைக்கவும் சொல்லவில்லை. ஒரு வருடமாகப் போய்க்கொண்டிருக்கிறேன். ஒரு வருடமாக இந்த அம்மா, குரைப்பு கேட்டால் ஜன்னலைச் சாத்துகிற அம்மா, வாரா வாரம் தண்ணீரில் கையை விட்டு நாய் முடி பொறுக்கியிருக்கிறாள், ஒரு வார்த்தை கேட்காமல். ஏன்மா கேக்கல என்றேன். கேட்டா நிறுத்திடுவியோன்னு இருந்துச்சு, கேக்காட்டி நிறுத்திடுவியோன்னும் இருந்துச்சு என்றாள். எனக்கு அது புரிந்தது, புரியவும் இல்லை. புடவைத் தலைப்பின் முனையைச் சுருட்டிக்கொண்டே இருந்தாள். வெளியே பால்காரரின் வண்டி ஹாரன். நான் போகட்டுமாம்மா என்று கேட்க நினைத்தேன், அதற்குள் அவள் முந்திக்கொண்டாள், தரையைப் பார்த்துக்கொண்டு.

"தண்ணி கேட்டானா?"

மூன்று வருடமாக இந்த வீட்டில் யாரும் கேட்காத கேள்வி. அப்பாவிடம் கேட்டிருக்க மாட்டாள், அவர் உடைந்துபோவார் என்று தெரியும். மத்தியானம் முழுக்க நான் இதையேதான் எழுதிக்கொண்டிருந்தேன், முகம் தெரியாதவர்களுக்கு, வார்த்தை பொறுக்கி. இப்போது ஒரு வார்த்தையும் கைக்கு வரவில்லை. இல்லைம்மா, தூங்கிட்டேதான் இருந்தான் என்று சொல்லிவிடலாம். நாக்கு நுனி வரை வந்தது. அவள் முகத்தைப் பார்த்தேன், பொய்யைக் கேட்டு வாங்க வந்த முகமாக அது இல்லை.

"கேட்டான்மா."

"குடுத்தீங்களா?"

"குடுத்தோம். முழுங்க முடியல. தண்ணியைப் பார்த்தாலே இழுத்துச்சு."

"கடைசி வரைக்குமா?"

"கடைசியில அப்பா பஞ்சை நனைச்சு உதட்டுல வச்சார். அப்போ ஒண்ணும் பண்ணல. உதடு நனைஞ்சுது. ரெண்டு மூணு தடவை வச்சார்."

அப்போது அவனுக்கு நினைவு இல்லை என்பதை நான் சொல்லவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அம்மா கேட்கவில்லை. நனைஞ்சுதில்ல என்றாள், தனக்குத் தானே. பிறகு அவள் அழுதாள். சத்தமே இல்லை, தோள் மட்டும் ஏறி ஏறி இறங்கியது. நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன், தொடலாமா என்று தெரியாமல் கையை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தேன், அப்புறம் அவளே என் கையை எடுத்துத் தன் மடியில் போட்டுக்கொண்டாள். விரல் நுனியில் ஊசி குத்திய சொரசொரப்பு. டீயில் ஆடை படிந்துவிட்டது. அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு லேப்டாப்பைக் காட்டி, இதெல்லாம் அவங்களுக்கு எழுதியிருக்கியா என்றாள். எழுதியிருக்கேன். தண்ணி கேட்டது? அதுவும்தான். கொஞ்ச நேரம் அந்த எழுத்துகளையே பார்த்தாள், படிக்கிற மாதிரி.

"எடுத்துரு மணி. அது நம்மகிட்டயே இருக்கட்டும்."

எடுத்தால் சீட் கிடைக்காமல் போகலாம் என்று சொன்னேன். கிடைக்கலைன்னா போகுது என்றாள். அப்புறம், கிடைக்கும், உனக்கு என்ன குறை என்றாள். இரண்டையும் ஒரே மூச்சில். நான் தலையணையை இழுத்து லேப்டாப்பை வைத்துக்கொண்டு, ஃபேனை நிறுத்துங்கப்பா என்ற முதல் வரியிலிருந்து கடைசி வரை பிடித்து, நீலமாக்கி, அழித்தேன். அவ்வளவும் ஒரு தட்டலில் போயிற்று. திரை வெள்ளையாக இருந்தது. அம்மா பக்கத்தில் இருக்கும்போதே எழுதினேன், யோசிக்காமல், பள்ளிக்கூடக் கட்டுரை மாதிரி. எனக்கு ஒரு அண்ணன் இருந்தான், அவன் பெயர் அறவாழி. நாய்க்கு நான் பயப்படாமல் இருக்கக் கற்றுக்கொண்டது அவனோடு நடந்துதான். அவன் ரேபிஸில் இறந்தான். பிறகு நான் ஒரு காப்பகத்தில் வேலை செய்கிறேன், இன்னின்ன வேலை தெரியும், இன்னின்னது தெரியாது, தெரியாததைப் படிக்க வேண்டும். முக்கால் பக்கம்கூட வரவில்லை. படிக்கிறவர்கள் தாராளமாகக் கீழே வைக்கலாம். அவன் பேரு எங்கே இருக்கு என்று அம்மா கேட்டாள். விரல் வைத்துக் காட்டினேன். எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படித்தாள், வாய் விட்டு. அந்தப் பெயரை அவள் குரலில் கேட்டு எத்தனை நாளாயிற்று. அனுப்பினேன். பெறப்பட்டது என்று ஒரு வரி வந்தது, வேறொன்றும் நடக்கவில்லை.

நான் போனால் அங்கிருந்து எந்த நாயைப் பற்றியும் தன்னிடம் சொல்லக் கூடாது என்றாள் அம்மா. உடம்பு எப்படி, சாப்பிட்டியா, அதைப் பேசலாம், இது வேண்டாம், என்னால தாங்காதுடி. சரிம்மா என்றேன். அப்படியென்றால் பேச எனக்கு என்ன இருக்கும் என்று தோன்றியது. கேட்கவில்லை. அவள் எழுந்து ஆறிப்போன டீயை எடுத்துக்கொண்டாள், சுட வைத்துக்கொண்டு வருகிறேன் என்று வாசல்படி வரை போனவள் திரும்பி நின்றாள்.

"அது எவ்வளவு பெருசு இருந்துச்சு?"

எது என்று கேட்கப் போய்ப் புரிந்துகொண்டேன். அம்மா குட்டியைப் பார்த்ததே இல்லை. எங்களுக்குக் குட்டி என்றால் தெரியும், அவளுக்கு அது வெறும் சொல். என் பிள்ளையைக் கொண்டு போனது எப்படி இருந்திருக்கும்னு நினைச்சு நினைச்சுப் பார்ப்பேன் என்றாள், நான் நினைச்சதுல அது கன்னுக்குட்டி உயரம் இருக்கும்.

நான் இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து ஏந்திக் காட்டினேன். இவ்வளவுதாம்மா. இதுக்குள்ள அடங்கும்.

அம்மா டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு வந்து என் கைகளைக் குனிந்து பார்த்தாள். ஒன்றும் இல்லாத அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.